கைத்தெளிப்பானைக் கதவில் வைக்கும் முன் அட்டையில் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தீபாவளி நெருங்கும் வாரங்களில் சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கதவு, நிலை, அலமாரி, சுவர் என்று ஒவ்வொன்றாகப் புதுச் சாயம் ஏறத் தொடங்கிவிடும். முன்பெல்லாம் தூரிகையும் ரோலரும் செய்த இந்த வேலையை இப்போது பலர் இணையத்தில் வாங்கிய கைத்தெளிப்பானைக் கொண்டு தாங்களே செய்கிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. கூலியும் மிச்சம், நேரமும் மிச்சம். ஆனால் வேலை முடிந்த பிறகு காதில் விழும் குறை மட்டும் எங்கும் ஒன்றாகவே இருக்கிறது. கதவின் ஒரு பக்கம் பட்டை பட்டையாகத் தெரிகிறது, நடுவில் சாயம் வழிந்திருக்கிறது, ஓரத்தில் பழைய நிறம் எட்டிப் பார்க்கிறது. அதற்குச் சாயத்தையோ கருவியையோ பழித்துவிட்டு அடுத்த ஆண்டு வேறொரு கருவி வாங்குகிறார்கள். கப்பல் பழுதுபார்க்கும் துறையில் சாயத் தெளிப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலான வீடுகளில் குறை கருவியில் இல்லை, அதைச் சரிப்படுத்தாமலேயே கதவுக்கு எடுத்துச் செல்வதில் இருக்கிறது. இது பற்றித் தங்கள் இதழின் வாசகர்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் எந்த வகைக் கருவி கையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு இங்கே விற்கப்படுபவற்றில் மிகுதியானவை, உள்ளே ஒரு சிறு மோட்டாரும் காற்றாடியும் வைத்து, அதிகக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் தள்ளும் எச்விஎல்பி வகையைச் சேர்ந்தவை. சாயம் வெளியேறும் முனையான நாசிலின் வாயில் காற்றின் அழுத்தம் 10 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டுக்கு) மேற்படாது என்பதே இவ்வகையின் இலக்கணம். அழுத்தம் குறைவு என்பதால் சாயம் முட்டித் தெறித்துத் திரும்புவதும் குறைவு. பழைய கம்ப்ரசர் கன்னில் தெளிக்கும் சாயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பொருளில் ஒட்டும். மற்றதெல்லாம் புகையாகப் போய்விடும். எச்விஎல்பி கருவியைச் சரியாகப் பிடித்தால் 65 விழுக்காடு அளவுக்கு ஒட்டும். இன்னொரு வகை ஏர்லெஸ் எனப்படுவது. அதில் காற்றே கிடையாது. சாயத்தையே மிக அதிக அழுத்தத்தில் ஒரு நுண்துளை வழியே பீய்ச்சி உடைக்கிறது. இவ்விரண்டுக்கும் சரிப்படுத்தும் முறை வேறு வேறு. ஒன்றுக்குச் சொன்ன அறிவுரையை மற்றொன்றில் செய்து பார்ப்பதாலேயே பாதிக் குழப்பம் உண்டாகிறது.

வீட்டு எச்விஎல்பி கருவிகளில் பின்புறமோ விசையிலோ ஒரு திருகு இருக்கும். அதைக் கடைசிவரை திறந்துவிட்டால் கருவி 'முழு வேகத்தில்' வேலை செய்யும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அந்தத் திருகு சாயத்தின் அளவை மட்டுமே கூட்டுகிறது. காற்று மோட்டார் கொடுக்கும் அளவில்தான் வருகிறது; சில கருவிகளில் இரண்டு வேகம் இருக்கும், பலவற்றில் ஒன்றே ஒன்றுதான். ஆகவே திருகைத் திறக்கத் திறக்க, அதே காற்று முன்னைவிட அதிகச் சாயத்தை உடைக்க வேண்டியதாகிறது. உடைக்க முடியாதபோது துளிகள் பெரிதாகின்றன, மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் மேடுபள்ளமாகக் காய்கிறது அல்லது வழிகிறது. காற்றைக் கூட்ட வழியில்லாத கருவியில் நம்மால் மாற்ற முடிந்தவை சாயத்தின் பதம், சாயத்தின் அளவு, கையின் தூரம், கையின் வேகம் ஆகிய நான்கு மட்டுமே. அவற்றிலும் பதத்தைச் சரிசெய்யாமல் மற்ற மூன்றைத் தொடுவதில் பயனில்லை.

பதம் பார்ப்பதற்குக் கருவியோடு ஒரு சிறு குவளை தருவார்கள். அடியில் துளையிட்ட அந்தக் குவளையைத் திறந்துகூடப் பார்க்காமல் பெட்டியிலேயே விட்டுவிடுபவர்களே அதிகம். குவளையைச் சாயத்தில் முக்கி எடுத்து, அடித்துளை வழியே கம்பிபோல் ஒழுகும் சாயம் அறுந்து சொட்டத் தொடங்கும் வரை எத்தனை நொடி ஆகிறது என்று எண்ண வேண்டும். தொழிற்கூடங்களில் 100 மில்லிலிட்டர் கொள்ளும், 4 மில்லிமீட்டர் துளையுள்ள, டின் (DIN) எனப்படும் ஜெர்மானியத் தரநிலைக் குவளையைப் பயன்படுத்துவார்கள். அதில் தண்ணீர் ஏறத்தாழ 10 நொடியில் ஓடிவிடும். தெளிப்பதற்கான எனாமல் 20 முதல் 30 நொடி வரை எடுத்துக்கொள்வது வழக்கம். வீட்டுக் கருவியோடு வரும் குவளையின் துளை கருவிக்குக் கருவி வேறுபடும் என்பதால் அதன் கையேட்டில் உள்ள நொடிக் கணக்கையே பின்பற்ற வேண்டும். சுவருக்கான எமல்ஷன் சாயத்துக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அது அசையாமல் இருக்கையில் தயிராக உறைந்தும் கலக்கினால் இளகியும் நிற்கும் தன்மை உடையது. அதில் 5 முதல் 10 விழுக்காடு வரை தண்ணீர் சேர்ப்பது பொதுவான நடைமுறை. அதற்கு மேல் எவ்வளவு சேர்க்கலாம் என்பதைச் சாய நிறுவனம் தரும் தகவல் தாள்தான் சொல்ல வேண்டும். தண்ணீரை அள்ளி ஊற்றினால் தெளிப்பு அழகாக வரும், ஆனால் பழைய நிறத்தை மறைக்கும் திறன் போய்விடும்; இரண்டு பூச்சில் முடிய வேண்டியது நான்கு கேட்கும்.

தின்னரோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அடிவரை கலக்கி, மறுபடி குவளையில் பார்க்க வேண்டும். பிறகு வடிகட்ட வேண்டும். மெல்லிய நைலான் துணியே போதும். டப்பாவின் விளிம்பில் காய்ந்து உதிர்ந்த ஒரு சிறு ஏடு நாசிலில் மாட்டிக்கொண்டால் அதற்குப் பிறகு எந்தத் திருகைத் திருப்பியும் பயனில்லை. குளிரூட்டிய அறையில் வைத்திருந்த சாயம் கெட்டியாக இருக்கும். அதே சாயம் 32 பாகை வெயில் அடிக்கும் பால்கனியில் அரைநாள் இருந்தால் இளகிவிடும் என்பதும் இங்கே சொல்லத்தக்கது. தெளிக்கப்போகும் இடத்திலேயே சாயத்தைச் சற்று நேரம் வைத்திருந்து, அதன் பிறகு பதம் பார்ப்பதே சரி.

இப்போது நான் வற்புறுத்த விரும்பும் சோதனைக்கு வருகிறேன். கருவியின் முன்னால் இரண்டு கொம்புகளோடு ஒரு மூடி இருக்கும். தொழிலில் அதை ஏர் கேப் என்பார்கள். நடுத்துளையிலிருந்து வட்டமாக வரும் சாயத்தைக் கொம்புகளிலிருந்து வரும் காற்று இருபுறமும் அழுத்தித் தட்டையான விசிறியாக்குகிறது. கொம்புகள் இடமும் வலமுமாக இருந்தால் விசிறி நெட்டுக்குத்தாக நிற்கும். மேலும் கீழுமாக இருந்தால் விசிறி கிடையாகப் படுக்கும். கையை இடவலமாக வீசித் தெளிப்பதற்கு நெட்டுக்குத்து விசிறி வேண்டும், மேலும் கீழுமாக வீசுவதற்குக் கிடை விசிறி வேண்டும். இதை மாற்றிப் பிடித்துவிட்டுப் பட்டை விழுகிறதே என்று வருந்துபவர்களும் உண்டு.

சோதனைக்காக மட்டும் கொம்புகளை மேலும் கீழுமாகத் திருப்பி விசிறியைக் கிடையாக்கிக்கொள்ள வேண்டும். பெரிய அட்டை ஒன்றைச் சுவரில் நிமிர்த்தி ஒட்டி, வழக்கமான தூரத்தில் கையை அசைக்காமல் நிறுத்தி, சாயம் சொட்டுச் சொட்டாக வழியத் தொடங்கும் வரை விசையை அழுத்தி, உடனே விட்டுவிட வேண்டும். அட்டையில் வரிசையாக இறங்கும் அந்தச் சொட்டுகளின் நீளம், வேறு எவரும் சொல்லித்தர முடியாததைச் சொல்லிவிடும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எல்லாச் சொட்டுகளும் ஏறத்தாழ ஒரே நீளத்துக்கு இறங்கியிருந்தால் கருவி தயார். நடுவில் உள்ளவை நீண்டும் ஓரத்தில் உள்ளவை குட்டையாகவும் இருந்தால், சாயம் காற்றுக்கு மீறிய கெட்டியாகவோ அளவுக்கு மீறியோ வருகிறது என்று பொருள். இன்னும் சற்று இளக்க வேண்டும் அல்லது சாயத் திருகைக் குறைக்க வேண்டும். காற்றைக் கூட்டும் வசதியுள்ள கருவியென்றால் அதையும் செய்யலாம். இரண்டு ஓரங்களும் நீண்டு நடு வறண்டிருந்தால் நிலைமை நேர்மாறானது. காற்று மிகுதி, சாயம் போதவில்லை. அப்போது சாயத் திருகைத் திறக்க வேண்டும் அல்லது காற்றைக் குறைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, மறுபடி அட்டையில் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகத் திருப்பினால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

நான்காவதாக ஒரு வடிவம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் கனமாக, அல்லது விசிறியே பிறைபோல் வளைந்து விழும். இது எந்தத் திருகாலும் தீராது, எங்கோ அடைப்பு இருக்கிறது. எங்கே என்று அறிவதற்கு ஏர் கேப்பை அரைச்சுற்றுத் திருப்பி மறுபடி தெளித்துப் பார்க்க வேண்டும். கனம் மறுபக்கத்துக்கு மாறிவிட்டால் அடைப்பு ஏர் கேப்பில் இருக்கிறது. மாறாமல் அதே பக்கம் நின்றால் நாசிலின் நுனியில் இருக்கிறது. சாயம் விட்டுவிட்டுத் துப்பினால் முதலில் குப்பியின் மூடியும் ரப்பர் வளையமும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பல வீட்டுக் கருவிகள் காற்றில் ஒரு பகுதியைக் குப்பிக்குள் செலுத்தியே சாயத்தை மேலே தள்ளுகின்றன. அந்தக் காற்று கசிந்தால் சாயம் சீராக ஏறாது. குப்பிக்குள் இருக்கும் உறிஞ்சு குழாய் வளைந்திருப்பதற்கும் காரணம் உண்டு. கீழ்நோக்கித் தெளிக்கும்போது அதன் வாய் முன்புறமும், கூரையை நோக்கித் தெளிக்கும்போது பின்புறமும் இருக்கும்படி திருப்பி வைக்க வேண்டும். கதவைக் கழற்றி முக்காலிகளின் மேல் படுக்க வைத்துத் தெளிப்பவர்கள் இதை மறந்தால், குப்பியில் பாதிச் சாயம் இருக்கும்போதே கருவி காற்றை உறிஞ்சித் துப்பத் தொடங்கும்.

ஏர்லெஸ் கருவியில் இந்தச் சோதனையின் வடிவம் வேறு. அங்கே கையை நிறுத்திவைக்காமல் அட்டையின் குறுக்கே வேகமாக ஒரு கோடு தெளிக்க வேண்டும். கோட்டின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் மட்டும் கனமான வால்போன்ற வரிகள் தெரிந்தால் அழுத்தம் போதவில்லை. வால் மறையும் வரை அழுத்தத்தைக் கூட்டி அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் கூட்டினால் சாயப்புகையும் நாசில் தேய்மானமும்தான் மிச்சம். முழு அழுத்தத்திலும் வால் போகவில்லையென்றால் சாயத்தை இளக்க வேண்டும் அல்லது சிறிய துளையுள்ள நாசிலுக்கு மாற வேண்டும். நாசிலில் பொறித்திருக்கும் 517 போன்ற எண்ணுக்கும் பொருள் உண்டு. முதல் இலக்கத்தை இரட்டித்தால், ஓர் அடி தூரத்திலிருந்து விழும் விசிறியின் அகலம் அங்குலத்தில் கிடைக்கும், அதாவது 10 அங்குலம். மீதி இரண்டு இலக்கங்கள் துளையின் அளவை அங்குலத்தின் ஆயிரத்தில் பங்காகச் சொல்கின்றன. ஒரு குறுகிய நிலைக்கதவுக்கு 517 பொருந்தாது என்பது அந்த எண்ணிலிருந்தே விளங்கும். நாசில் தேயத் தேயத் துளை பெரிதாகி விசிறி குறுகும். நேற்றுவரை சரியாக இருந்த வேலை இன்று நடுவில் கனத்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும்.

அட்டையில் எல்லாம் சரியாக வந்த பிறகு மிஞ்சுவது கை. வீட்டு எச்விஎல்பி கருவிக்கு ஏறத்தாழ 15 முதல் 20 சென்டிமீட்டர், ஏர்லெஸுக்கு 30 சென்டிமீட்டர் என்பது பொதுவான தூரம். கிட்டத்தில் பிடித்தால் வழியும். எட்டிப் பிடித்தால் துளிகள் வழியிலேயே பாதி காய்ந்து சொரசொரப்பான தூளாகப் படியும். மோட்டார் தள்ளும் காற்று சூடாகவே வருவதால் இந்தக் கருவிகளில் இது இன்னும் விரைவாக நிகழும். ஆனால் தூரத்தைவிட முக்கியமானது, அந்தத் தூரம் கதவின் இரு ஓரங்களிலும் மாறாதிருப்பது. மணிக்கட்டை மட்டும் ஆட்டி விசிறி வீசுவதுபோல் தெளிப்பவரின் கருவி, நடுவில் 15 சென்டிமீட்டரில் இருந்து, 45 பாகை திரும்பும்போது 21 சென்டிமீட்டருக்கு விலகிவிடுகிறது. அதோடு பரப்பின் மேல் விசிறி நகரும் வேகமும் ஓரத்தில் இரட்டிப்பாவதால், நடுவில் விழுவதில் பாதிகூட அங்கே விழாது. ஓரத்தில் பழைய நிறம் எட்டிப் பார்ப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். தோளிலிருந்து முழுக் கையும் நகர வேண்டும், அகலமான பரப்பென்றால் காலும் நகர வேண்டும், கருவி எப்போதும் பரப்புக்குச் செங்குத்தாகவே நிற்க வேண்டும்.

விசையை அழுத்துவதற்கு முன்பே கை நகரத் தொடங்கியிருக்க வேண்டும். விசையை விட்ட பிறகே கை நிற்க வேண்டும். கதவுக்கு வெளியே தொடங்கி, கதவுக்கு வெளியே முடிப்பது எளிய வழி. சரியாக அமைந்த விசிறியிலும் விளிம்பு மட்டும் சற்று மென்மையாக முடிவது இயல்பு என்பதால், ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். விசிறி 20 சென்டிமீட்டர் அகலமென்றால் கை ஒவ்வொரு முறையும் 10 சென்டிமீட்டர்தான் இறங்க வேண்டும். முந்தைய வீச்சின் விளிம்பை நோக்கி நாசிலின் நடுப்புள்ளியைக் குறிபார்த்தால் இது தானாகவே அமையும். முதல் பூச்சு பழைய நிறம் தெரியும்படி மெல்லியதாகவே இருக்கட்டும். அதைக் கண்டு மனம் கேட்காமல் மறுபடி அங்கேயே தெளிப்பதால்தான் வழிகிறது. டப்பாவில் சொல்லியிருக்கும் இடைவெளி விட்டு, இரண்டாவது பூச்சை முதலாவதற்குக் குறுக்காகத் தெளிக்கலாம். கப்பல் தளத்தில் ஈரச் சாயத்தின் கனத்தை அளக்கப் பல் வைத்த ஒரு சிறு தகடு எங்கள் சட்டைப்பையிலேயே இருக்கும். வீட்டில் அது தேவையில்லை, ஒரு கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் ஈர மினுமினுப்பு எங்கே குறைகிறது என்று தெரிந்துவிடும்.

சிங்கப்பூரின் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவியோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டைத் தாண்டும். விடியலுக்குச் சற்று முன் 90 விழுக்காட்டுக்கு மேலிருந்து, மழையில்லாத நாளில் பிற்பகல் நடுவில் 60 விழுக்காட்டளவுக்கு இறங்கும். கப்பல் வேலையில் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு மேல் போனாலோ, இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பத்தைவிட) 3 பாகையாவது கூடுதலாக இல்லாவிட்டாலோ சாயம் தெளிக்க விடமாட்டார்கள். வீட்டில் அவ்வளவு அளவைகள் வேண்டாம் என்றாலும், அதிகாலையில் நடைவழி இரும்புக் கதவைத் தொட்டுப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் கையில் ஒட்டும். அதன் மேல் தெளித்த எனாமல் சில மாதங்களில் ஏடு ஏடாகப் பெயரும். நீர் கலந்த சாயம் ஈரக்காற்றில் மெதுவாகவே காய்வதால் வழிவதற்கு அதற்கு நேரம் கிடைக்கிறது. விரைந்து காயும் லாக்கர் (lacquer) என்ற பளபளப்புப் பூச்சு வகையோ ஈரத்தை உள்ளே பிடித்துக்கொண்டு வெண்மூட்டம் போட்டுவிடும். தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை அடிக்கடி பெய்வதால், முற்பகல் பத்து மணிக்கு மேல் தொடங்கி மழைக்கு முன் முடிப்பதே நம் ஊருக்குப் பொருத்தம். பூச்சுகளை இன்னும் மெல்லியதாகவும் இடைவெளியை இன்னும் நீளமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் தெளிப்பான் தேவையா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. என் கருத்தில், வீட்டு வாசலின் கம்பிக் கதவுக்கு அது வேண்டாம். கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் வெறும் காற்றுதான் இருக்கிறது. விசிறியை எவ்வளவு குறுக்கினாலும் தெளிப்பதில் பெரும்பங்கு ஊடுருவிப் பொது நடைவழிக்குப் போய், அண்டை வீட்டாரின் காலணி, சைக்கிள், பூந்தொட்டி, காயப்போட்ட துணி என்று எல்லாவற்றின் மேலும் நுண்தூளாகப் படியும். அதற்கு நல்ல தூரிகையும் சிறு பஞ்சு ரோலருமே விரைவானவை. பலகைக் கதவு, அலமாரிக் கதவு, சிற்பவேலை உள்ள நாற்காலி, பிரம்பு சாமான்கள் ஆகியவையே தெளிப்பானுக்கு ஏற்றவை. அவற்றை அறைக்குள் வைத்துத் தெளிக்கும்போது சுற்றிலும் மூடுவதற்குத் தங்கள் இதழின் பழைய படிகளையே பலர் எடுக்கிறார்கள். தரைக்குச் சரி, ஆனால் கண்ணாடி விளிம்பையும் கைப்பிடியையும் மறைக்க நாளிதழ் உதவாது. தாள் மெல்லியது என்பதால் தின்னர் கலந்த சாயம் ஊறி இறங்கும், அச்சு மையும் சேர்ந்து ஒட்டும். அதற்குப் பழுப்புக் காகிதம்தான் வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தின்னர் கலந்த சாயத்தை வீட்டுக்குள் தெளிக்கும்போது அடுப்பும் பூசையறை விளக்கும் அணைந்திருக்க வேண்டும், சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். மருத்துவ முகக்கவசம் தின்னரின் ஆவியைத் தடுக்காது. ஆவியை ஈர்க்கும் கரி வடிகட்டியோடு கூடிய சுவாசக் கவசமே தடுக்கும். கடினமாக்கி கலந்து பூசும் இரட்டைக் கலவைச் சாயங்கள், குறிப்பாக வாகனங்களுக்கானவை, வீட்டில் தெளிப்பதற்குரியவை அல்ல. ஏர்லெஸ் கருவியின் முனையை ஒருபோதும் விரலால் துடைக்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் சாயம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி மட்டுமே தெரிந்தாலும் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கருவியைக் கழுவுவதும் சீரான பூச்சைச் சேர்ந்ததே, ஏனென்றால் அடுத்த ஆண்டு பிறைவடிவம் விழுவது இந்த ஆண்டு கொம்புத் துளையில் காய்ந்த சாயத்தால்தான். வேலை முடிந்த உடனே நாசிலையும் ஏர் கேப்பையும் கழற்றி, சாயத்துக்குரிய கரைப்பானில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்க்க வேண்டும். துளையில் அடைத்ததை மரக்குச்சியால் எடுக்கலாம். ஊசியும் கம்பியும் துளையின் விளிம்பைக் கெடுத்துவிடும், கெட்ட விளிம்பிலிருந்து நேரான விசிறி வராது. குப்பியில் மிஞ்சிய சாயத்தைத் துணியில் துடைத்தெடுத்து உலர்த்திக் குப்பையில் போட்ட பிறகு, நீர்ச்சாயம் என்றால் கழுவு நீரை வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில்தான் ஊற்ற வேண்டும், நடைவழி வடிகாலில் ஊற்றக் கூடாது. சிங்கப்பூரில் கழிவுநீரும் மழைநீரும் தனித்தனிக் குழாய்களில் போகின்றன. தேக்காவின் மழைநீர் ரோச்சோர் கால்வாய் வழியாகவும் தோ பாயோவின் மழைநீர் காலாங் ஆறு வழியாகவும் மரினா நீர்த்தேக்கத்துக்குச் செல்கின்றன, அதுவோ நாம் குடிக்கும் நீர். தின்னர் கலந்த கழிவைத் தொட்டியிலும் ஊற்றக் கூடாது.

ஆசிரியர் அவர்களே, இவையெல்லாம் ரகசியம் அல்ல. துவாஸிலும் ஜூரோங்கிலும் கப்பல் தளங்களில் தெளிப்பு வேலை செய்யும் தமிழ் ஊழியர்கள் பலருக்கு இவை அன்றாடப் பழக்கம். ஆனால் வீட்டுக் கருவி வாங்குபவரின் கைக்கு வருவது பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் அச்சிட்ட, பூதக்கண்ணாடி கேட்கும் ஒரு மடிப்புத் தாள். ஜாலான் புசார் வட்டாரத்து வன்பொருள் கடைகளில் தமிழில் விளக்கிச் சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்துவிட்டால் அது வாங்குபவரின் நல்ல நேரம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கோலத்துக்கும் பலகாரத்துக்கும் வகுப்பு நடத்தும் சமூக மன்றங்கள், ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கி, விடுமுறை நாளில் வர விரும்பும் தெளிப்புத் தொழிலாளி ஒருவருக்கு உரிய ஊதியம் கொடுத்து அழைக்கலாம். அட்டையும் சாயமும் ஒரு கருவியும் இருந்தால் போதும். கேட்பவர்கள் தாங்களே விசையை அழுத்திப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அதுவரை தங்கள் இதழ் செய்யக்கூடிய சிறு உதவி ஒன்று உண்டு. மேலே நான் விவரித்த நான்கு வடிவங்களை, அதாவது சொட்டுகள் சமமாக இறங்கியது, நடு நீண்டது, ஓரங்கள் நீண்டது, ஒரு பக்கம் சாய்ந்தது என்பவற்றை, ஒரு சிறு வரைபடமாக இந்தக் கடிதத்தின் பக்கத்தில் வெளியிட்டால், வாசகர்கள் அதைக் கத்தரித்துக் கருவியின் பெட்டிக்குள் வைத்துக்கொள்ள முடியும். வரைபடத்தை நானே பென்சிலால் வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். கோடுகள் கோணலாக இருந்தால் தங்கள் ஓவியர் திருத்திக்கொள்ளட்டும், சொட்டுகளின் நீளத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாயத் தெளிப்பாளர்,
ஈசூன்.